அடிபடப் போகிறவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் சாலையில் இறங்குகிறவர்கள் சில விஷயங்களை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது. அடிபட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது. நினைவு இருக்குமா என்பதே சந்தேகம். 2022-இல் மட்டும் இந்த மாநிலத்தில் 64,105 விபத்துகள் நடந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர், நாளைக்கு 49. அந்தப் பட்டியலில் மட்டும் முதலிடத்தை உத்தரப் பிரதேசம் தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆகவே, அடிபடுவேனா மாட்டேனா என்பதைக் குலதெய்வத்திடம் விட்டுவிட்டு, அடிபட்டால் கட்டுப்படியாகுமா என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வண்டி. எது வந்து மோதுகிறது என்பதில் அலட்சியம் கூடாது. இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிற சரக்கு லாரி உத்தமம். பர்மிட் இருக்கிறதா, எஃப்.சி. தேதி முடிந்துவிட்டதா, டிரைவரிடம் அந்த வண்டிக்கான லைசென்ஸ் இருக்கிறதா என்று மோதுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் கம்பெனி கை கழுவப் பார்க்கும். 'முதலில் நீ கொடு, அப்புறம் வண்டிக்காரனிடம் வசூல் செய்துகொள்' என்று நீதிமன்றம் சொல்வதற்குள் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்திருப்பான். இன்சூரன்ஸ் காலாவதியான பைக்கில் மட்டும் அடிபட்டுவிடாதீர்கள். தீர்ப்பு கிடைக்கும், பணம் கிடைக்காது. ஓட்டியவனுக்கு அந்த பைக்கைத் தவிர வேறு சொத்து இருக்காது. அதுவும் டியூ பாக்கியில் இருக்கும்.

நிற்காமல் போகிற வண்டியென்றால், விழும்போதே நம்பர் பிளேட்டைப் படித்துவிடப் பழகுங்கள். விழுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வது நம் ஜனங்களிடம் உள்ள கெட்ட பழக்கம். அதனால் ஏற்படும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மீது தப்பு என்று கேட்காமலே கொடுக்கச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, மோதிய வண்டி எது என்று தெரிந்தால் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிருக்கு 5 லட்சம். எது என்று தெரியாவிட்டால் வேறு பிரிவின்படி அதே காயத்துக்கு 50,000, அதே உயிருக்கு 2 லட்சம். எலும்பு ஒன்றுதான், முறிந்த இடமும் ஒன்றுதான். நம்பரைப் படித்தவன் எலும்புக்கு ஒரு விலை, படிக்காதவன் எலும்புக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. வண்டி தெரியாதவர்களுக்கு இதுவே 2022 ஏப்ரலில்தான் இந்த அளவுக்கு உயர்ந்தது. அதற்கு முன் காயத்துக்கு 12,500, உயிருக்கு 25,000. பழைய பைக்குக்கே அதைவிட நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்தது வருமானம். உயிருக்கும் நிரந்தர ஊனத்துக்கும் கணக்குப் போட ஒரு அட்டவணை இருக்கிறது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. ஆண்டு வருமானத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வயது வரை 18. அப்படியே இறங்கி, 65 தாண்டினால் 5. அதற்கு முன் ஒவ்வொரு தீர்ப்பாயமும் ஒவ்வொரு கணக்குப் போட்டது. அந்தக் கூத்துக்கு இது எவ்வளவோ மேல். அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. அதில் கொண்டுபோய் வைக்கிற வருமானம்தான் சங்கதி. ஐ.டி. கம்பெனிக்காரர் சம்பளச் சீட்டை நீட்டுவார், வேலை முடிந்தது. சித்தாள் வேலைக்குப் போகிறவள் எதை நீட்டுவாள்? மேஸ்திரி சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் எழுதி வைத்த கணக்கையா? ஆகவே கூலி வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து வருமான வரி கட்டத் தொடங்கிவிட்டு, மூன்று வருடம் கழித்து அடிபடவும்.

காய்கறி வியாபாரி ஒருவர் காலை இழந்தார். அவருடைய மாத வருமானம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம், காய்கறி விற்கிறவரிடம் போய் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் தள்ளுவண்டிக்காரருக்கு ரசீது புத்தகம் இருக்காது என்கிற பேருண்மையைக் கண்டுபிடிக்க அவர் ஒற்றைக் காலோடு டெல்லி வரை போக வேண்டியிருந்தது. சந்தைக்குப் போய் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கியிருந்தால் கீழ்க் கோர்ட்டிலேயே தெரிந்திருக்கும்.

வருமானமே இல்லாதவர்களுக்கு? ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று 1994-இல் சட்டத்தின் அட்டவணையில் எழுதினார்கள். நாளைக்கு 41 ரூபாய். 2018-இல் அந்த அட்டவணையையே மாற்றுகிற வரை அந்த எண்ணை யாரும் தொடவில்லை. அந்த 24 வருடத்தில் எம்.எல்.ஏ. சம்பளம் எத்தனை முறை ஏறியது என்று எண்ண நான் முயற்சி செய்யவில்லை. ரத்தக் கொதிப்பு இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் மனைவிக்கோ அதே அட்டவணையில் புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தார்கள். அவள் உயிர்கூட அவன் சம்பளத்தின் பின்னமாகத்தான் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமைப்பவளையும் தண்ணீர் சுமப்பவளையும் பிள்ளை வளர்ப்பவளையும் 'வேலை செய்யாதோர்' என்று எழுதி, பிச்சைக்காரர்களோடும் சிறைக் கைதிகளோடும் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2010-இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. காலை நாலரைக்கு எழுந்து கோலம் போடுகிற பெண்கள் இனிமேல் எங்கேயாவது பதிவுசெய்துகொள்வது நல்லது. எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி உடம்பு. எத்தனை சதவீதம் போயிற்று என்பதை மருத்துவக் குழு சொல்லும். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் அதற்கென்று ஒரு பெஞ்சு. ஒருவர் மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி எக்ஸ்ரே கவரை மடியில் வைத்திருக்கிறார். உள்ளே போகிறார்கள். "மடக்குங்க." மடக்குகிறார். "இன்னும்." பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம். "பரவாயில்லையே, மடங்குதே!" என்கிறார் டாக்டர், பாராட்டாக. அந்தப் பாராட்டில் இரண்டு சதவீதம் போய்விடுகிறது. வெளியே வந்ததும் மனைவி கேட்கிறார்: "வலிக்குதுன்னு கத்த வேண்டியதுதானே? வீட்ல அந்தக் கத்து கத்துவீங்களே!" மானமுள்ளவன் அந்நியர் முன்னால் கத்த மாட்டான். அதற்குத்தான் இழப்பீட்டில் பிடித்தம்.

இந்தச் சதவீதத்துக்கு நம் ஊரில் ஒரு ரேட் உண்டு. ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய்: ஒருகாலத்தில் இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம், பின்னர் ஐயாயிரம் என்று தீர்ப்புகளில் ஏறி வந்திருக்கிறது. நாற்பது சதவீதக் காலுக்கு ஐயாயிரம் வீதம் இரண்டு லட்சம். எல்லா மனுஷனுக்கும் ஒரே கால், ஒரே விலை. அப்படியில்லை, கையிழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாது. உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாடமே எடுத்தது. வக்கீல் அந்தப் பாடத்தைப் படித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். படிக்காதவர் சதவீதத்தைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டால், கூண்டு ஏற வேண்டும். இதுதான் உச்சக்கட்டம். மனுதாரர் தரப்பு முதல் சாட்சி நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் கேள்வி கேட்க மாட்டார். நடந்ததை உங்களுக்கே எடுத்துச் சொல்வார். நீங்கள் கவனமில்லாமல் குறுக்கே வந்ததால்தான் விபத்து நடந்தது என்று சொன்னால்? சரியல்ல. நீங்கள் ஹெல்மெட் போடவில்லை என்று சொன்னால்? சரியல்ல. உங்களுக்கு மாதம் 15,000 வருமானம் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை என்று சொன்னால்? இது சரி, தலையைக் குனிந்துகொள்ளலாம். நீங்கள் இப்போது நல்ல உடல்நிலையில் இருக்கிறீர்கள் என்றும், முன்பு செய்த வேலையையே செய்து வருகிறீர்கள் என்றும், அதிகத் தொகை பெறும் கெட்ட எண்ணத்தில் பொய் சாட்சியம் அளிக்கிறீர்கள் என்றும் சொன்னால்? சரியல்ல. உள்ளே பிளேட்டும் எட்டு ஸ்க்ரூவும் வைத்துத் தைத்த காலில் நின்றுகொண்டு, அந்தக் கால் நன்றாக இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வதை மறுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு 'சரியல்ல'வும் டைப் ஆகும். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். கை முறிந்தவராயிருந்தால் பெருவிரல் ரேகை.

கம்பெனிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: போலி கேஸ்கள் அதிகம் சார், நாங்கள் என்ன செய்வது? உண்மைதான், போலி கேஸ்கள் இருக்கின்றன. மோதாத வண்டியை மோதியதாகக் காட்டுவதும், வழுக்கி விழுந்தவனை விபத்தில் விழுந்தவனாக்குவதும் நடக்கிறது. ஆனால் போலி கேஸ் போட எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர், காயச் சான்று தருகிறவர், வழக்கை நடத்துகிறவர் என்று மூன்று பேர் ஒன்றுசேர வேண்டும். கொத்தனாருக்கு அப்படியொரு கூட்டணி எப்படி அமையும்? கூட்டணி அமைத்தவர்கள் காரில் போகிறார்கள். கூண்டில் நின்று 'கெட்ட எண்ணத்தில்' என்ற ஏச்சைக் கேட்கிறவன் தாங்குகட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறான்.

ஊர் வாய் அதைவிட மோசம். "கால் போனாலும் காசு வந்துச்சே" என்பார்கள். "கேஸ் பணத்துல மாடி எடுத்துட்டான்" என்பார்கள். அதற்கு முந்திய கட்டத்தில் இவர்களே ஸ்டேஷன் வாசலில் நின்று, "கோர்ட்டு கேஸுன்னு அலையாதப்பா, அவரும் நம்ம பக்கத்து ஊருதான், ஐயாயிரம் தர்றாராம், வாங்கிட்டுப் போ" என்று பஞ்சாயத்துப் பேசியவர்கள். அந்த ஐயாயிரம் ஸ்கேனுக்கே போதாது என்பது மறுநாள்தான் தெரியும்.

யோசித்துச் செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். வழக்குப் போடக் காலக்கெடு எதுவும் வேண்டாம் என்று 1994-இல் திருத்தினார்கள். பாமரன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வரவே மாதக்கணக்காகும் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. 2019 திருத்தத்தில் அந்தப் புண்ணியத்தைக் கழித்துவிட்டார்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. தொடை எலும்பு ஒழுங்காகக் கூடுவதற்கே ஆறு மாதம் போதாது. சட்டம் எலும்பைவிட அவசரத்தில் இருக்கிறது. இந்த அவசரம் மனுப் போடும் வரைக்கும்தான். போட்ட பிறகு வாய்தாவுக்கு எந்தக் கெடுவும் கிடையாது.

வக்கீல் ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை. ஜெயிப்பதில் பங்கு வாங்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி தெளிவாகச் சொல்கிறது. எமர்ஜென்சி வார்டு வாசலில் டீ வாங்கிக்கொடுத்து, "கேஸ் போட்டாச்சாண்ணே?" என்று கேட்கிற தம்பிக்கு அந்த விதி தெரியாது. 'பர்சன்டேஜ்' பேசாத இடம் அபூர்வம். இதைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் முன்பணம் கேட்டால் ஒரு கூலிக்காரனும் கோர்ட் படி ஏற முடியாது. பங்கு கேட்கிறவர்தான் அவனை ஏற்றிவிடுகிறார். எவ்வளவு எடுப்பது என்பதில்தான் கொள்ளை நடக்கிறது. இலவச சட்ட உதவி மையம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. டீ வாங்கிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு அப்பீல் போகும். அப்பீலை ஏற்கச் சட்டம் கேட்கிற முன்வைப்புத் தொகை என்ன தெரியுமா? 25,000 ரூபாய், அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி. இரண்டில் எது குறைவோ அது. இருபது லட்சம் தீர்ப்பானாலும் 25,000 கட்டினால் போதும். தடையுத்தரவு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம் கூடுதலாகக் கட்டச் சொல்வதுண்டு. அது நீதிபதியின் மனசு. இதற்கிடையே பாக்கித் தொகைக்கு ஏழரை சதவீதம், தனி வட்டி. ஆஸ்பத்திரி பில்லுக்காக நீங்கள் அடகு வைத்த தாலிக்கொடிக்கு வட்டி அதைவிட அதிகம். கந்துவட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். அதாவது அடிபட்டவன் அதிக வட்டிக்கு வாங்கி, அடித்தவனுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்திருக்கிறான். இப்படியொரு வியாபாரத்தை எந்த பேங்க்காரனும் செய்ய மாட்டான்.

நடுவில் மக்கள் நீதிமன்றம் வரும். ஒரே நாளில் பைசல், மேல்முறையீடு கிடையாது. நல்ல ஏற்பாடுதான், இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு பசி இருந்தால். எட்டு கேட்டவரை ஐந்துக்கு இறக்குவார்கள். "அப்பீல் போனா இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்மா, யோசிச்சுக்கோ" என்று கரிசனமாகச் சொல்வார்கள். அந்த ஐந்து வருடத்தை யார் ஆக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். 'வழக்கு லாபமா' என்று ராத்திரி தூக்கமில்லாமல் கணக்குப் போடுகிறவள் அடிபட்டவள் மட்டுமே. எதிரில் இருப்பவருக்கு அது ஒரு ஃபைல்; 'மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மாதச் சம்பளம் வந்துவிடும்.

இந்த அலைச்சலெல்லாம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: கும்பலாகச் சாவது. பத்துப் பேர் ஒரே வேனில் போனால் மாலைக்குள் இரங்கல் அறிக்கை வரும், நிவாரண நிதி அறிவிப்பு வரும், அமைச்சர் மாலையோடு வருவார், காசோலை கொடுக்கும் படம் மறுநாள் பேப்பரில் வரும். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், குறுக்கு விசாரணை கிடையாது. நாளைக்கு 49 பேர் சாகிறார்களே என்றால், அவர்கள் தனித்தனியாகச் சாகிறார்கள். அதுதான் அவர்கள் செய்யும் தவறு.

கடைசியாக, அரசுப் பேருந்து. பயணச்சீட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்தாலும் சரி, வெளியே அகப்பட்டாலும் சரி, இதில் அடிபடத் தனித் தைரியம் வேண்டும். ரோட்டில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லும் அதே 146-ஆம் பிரிவு, போக்குவரத்துக் கழகத்துக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை: இழப்பீடு கொடுக்கத் தனியாக ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். விலக்கு மட்டும் ஜோராக நடைமுறையில் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டும் பெரியவரிடம் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டு அபராதம் போடுகிற அரசாங்கம், தன் பஸ்ஸால் விதவையானவளுக்குத் தீர்ப்புத் தொகையைக் கட்டாமல் வருடக்கணக்கில் இழுக்கும். அவள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதன் பிறகு நடப்பதைத்தான் 'நஷ்டஈடு தராத அரசு பஸ் ஜப்தி' என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறீர்கள்.

அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு உத்தரவோடு வருவார். அவரோடு அந்தப் பெண்ணும் அவள் வக்கீலின் குமாஸ்தாவும். எந்த பஸ் முதலில் அகப்படுகிறதோ அதன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படும். மோதிய பஸ் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். டிரைவர் செல்போனில் டிப்போ மேனேஜரைத் தேடுவார். அவர் மீட்டிங்கில் இருப்பார். உள்ளே நிரம்பி உட்கார்ந்திருக்கிற ஜனம் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டியதுதான். போக்குவரத்துக் கழகத்தை யாரும் திட்ட மாட்டார்கள். "உன் ஒருத்தி பிரச்சினைக்கு இத்தனை பேரை நடுரோட்டுல நிறுத்துறியேம்மா, நல்லாருப்பியா?" என்று அவளைத்தான் கேட்பார்கள். கழகத்தின் வக்கீல் வந்து இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுப்பார். பகுதித் தொகைக்கு ஒரு செக் நீட்டுவார். பஸ் வெளியே வந்துவிடும்.

இறங்கியவர்களில் ஒருவர் கண்டக்டரிடம் போய், "எங்க டிக்கெட் காசு?" என்று கேட்பார்.

"அதைக் கோர்ட்ல கேஸ் போட்டு வாங்கிக்கங்க சார்."